செங்கோட்டை – கொல்லம் தடத்தில் புது லாரி டிரைவரின் முதல் ஆறு நாள்

முதல் நாள்: செங்கோட்டை, கம்பெனி அலுவலகம்

லாரி கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர் கைக்கு முதல் நாள் சாவி வராது, காகிதம்தான் வரும். "ஓட்டிக் காட்டுதேன், பாத்துட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி. எதுக்கு இத்தன கையெழுத்து?" என்று இளவட்டங்கள் கேட்பது வழக்கம். ஓட்டத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். எப்போது வண்டியை எடுக்கக் கூடாது என்று தெரிந்தவர்களைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. பயிற்சி நாட்கள் அதற்காகவே. அன்றன்று சொல்லித் தருவதை அன்றன்றே இங்கே எழுதுகிறோம்.

தடம்: செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர், கொல்லம். தேசிய நெடுஞ்சாலை 744, பழைய எண் 208. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே மலைக்கு அந்தப் பக்கத்து அரசோடு சேர்ந்திருந்த ஊர். அரிசி, காய்கறி, சிமென்ட், வைக்கோல் என்று மேற்கே போகும் சரக்கு இன்றும் ஓயவில்லை.

கொண்டுவர வேண்டியவை: அசல் லைசென்ஸ், ஆதார், பான், வங்கிப் புத்தக நகல், ஆறு போட்டோ, டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ. லைசென்ஸில் இரண்டு காலாவதித் தேதிகள் இருக்கும். ஒன்று சொந்த வண்டிக்கு, மற்றது போக்குவரத்து வண்டிக்கு. பலர் தள்ளியிருக்கும் தேதியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். லாரிக்குக் கணக்கு போக்குவரத்துத் தேதி, அது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை முடியும். ஆசிட், கேஸ், பெட்ரோல் போன்ற அபாயச் சரக்குக்கான அனுமதி மூன்று ஆண்டுதான். தேதி முடிந்த லைசென்ஸோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரிக்க வழி கிடைத்துவிடும், சுமை டிரைவர் தலையில் விழும்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவற்றை வாய்விட்டுக் கேளுங்கள். மாதச் சம்பளமா, ட்ரிப்புக்கு இவ்வளவா, வாடகையில் பங்கா? பேட்டா எவ்வளவு? வண்டி லோடுக்காகக் காத்துக் கிடக்கும் நாளுக்கும் பேட்டா உண்டா? பஞ்சர் செலவு யாருடையது? சரக்கு குறைந்தால் யார் பொறுப்பு? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? இதையெல்லாம் கேட்டதற்காக ஒரு கம்பெனி முகம் சுளித்தால் அது நல்ல அறிகுறி அல்ல.

இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அசல் லைசென்ஸை கம்பெனி அலமாரியில் ஒப்படைக்காதீர்கள். வெற்றுத் தாளிலும் தொகை எழுதாத சீட்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்துதான் கிளம்புகின்றன.

வேலை நேரமும் தெரிந்திருக்கட்டும். ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு 2025 வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்த அளவு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. நடைமுறை எப்படி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ட்ரிப் ஷீட்டில் புறப்பட்ட நேரம், நிறுத்திய நேரம், மீண்டும் எடுத்த நேரம் மூன்றையும் உள்ளது உள்ளபடி எழுதச் சொல்கிறோம். நாளைக்கு உங்கள் பக்கம் பேசுவது அந்தத் தாள்தான்.

இரண்டாம் நாள்: யார்டு

இன்று முழுக்க வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. பத்துச் சக்கர, அதாவது மூன்று அச்சு வண்டி, பி.எஸ். 6 புகை விதிக்கு உட்பட்டது. சுற்றிப் பார்க்கும் முறை ஒன்றே: டிரைவர் கதவில் தொடங்கி, முன்பக்கம், இடப்பக்கம், பின்பக்கம் என்று போய் அதே கதவில் முடிக்க வேண்டும். ஒழுங்கு மாறினால் ஏதாவது ஒன்று விடுபடும். பழகியவருக்கு 15 நிமிடம், புதியவருக்கு 40.

முதலில் குனிந்து தரையைப் பாருங்கள். ஆயில் சொட்டா, கூலன்ட்டா, டீசலா? சக்கரத்தின் உட்பக்கம் ஈரம் தெரிந்தால் சக்கர நடுவில் ஆயிலைத் தடுக்கும் ஹப் சீல் போயிருக்கலாம். அந்த ஆயில் பிரேக் லைனரில் இறங்கினால் அந்தச் சக்கரம் பிடிக்காது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

டயரில் காற்று 110 முதல் 125 பி.எஸ்.ஐ. வரை, டயரின் அளவையும் லோடையும் பொறுத்து. கேஜ் வைத்துப் பார்ப்பது குளிர்ந்த டயரில்தான். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைந்து நிற்கும். பின்சக்கர ஜோடியில் உள் டயரைக் கம்பியால் தட்டிச் சத்தம் கேளுங்கள். கணீரென்றால் சரி, தொப்பென்றால் காற்று இல்லை. உள் டயர் இறங்கிவிட்டால் முழுச் சுமையையும் வெளி டயர் சுமந்து, சூடேறி, பாதி வழியில் வெடிக்கும். இரண்டு டயருக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், குவாரிப் பக்கம் போய்வந்த வண்டியில் கட்டாயம். நட்டைச் சுற்றித் துருக்கோடு ஒழுகியிருந்தால் அது தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

பட்டைகளை, அதாவது வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் தகடுகளை, டார்ச் அடித்துப் பாருங்கள். உடைந்த பட்டையில் வெடிப்பு பளிச்சென்று புதிதாகத் தெரியும். பட்டையை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட் தளர்ந்தால் சென்டர் போல்ட் முறியும், பிறகு அச்சே பின்னுக்கு நகர்ந்துவிடும். வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடுகிறது என்று சொல்வார்களே, காரணம் அநேகமாக இதுதான்.

இனி காற்று பிரேக். இன்றைய பாடத்தில் பாதி இதற்கே போனது. இன்ஜினை ஓடவிட்டு அழுத்தம் 8 பார் வரை ஏறட்டும், ஏறியதும் புஸ்ஸென்று வால்வு விடும் சத்தம் கேட்கும். இன்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, பெடலை முழுக்க மிதித்து ஒரு நிமிடம் பிடியுங்கள். முள் கண்ணுக்குத் தெரிந்து இறங்கினாலோ எங்காவது சீறல் கேட்டாலோ கசிவு இருக்கிறது. பிறகு பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து அழுத்தத்தைக் குறையுங்கள். எச்சரிக்கை விளக்கும் பஸரும் வர வேண்டும். வராத வண்டியை மலைக்கு எடுக்காதீர்கள். பார்க்கிங் பிரேக்கைப் பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பதுதான் காற்று. ஆகவே காற்று போனால் அது தானாகப் பிடித்துக்கொள்ளும். நடுவழியில் வண்டி நகர மறுத்தால் ஆக்சிலேட்டரை மிதித்துத் தொல்லைப்படுத்தாமல் முதலில் கேஜைப் பாருங்கள்.

ஏர் டேங்க்கின் வடிகால் வால்வை நாள்தோறும் இழுத்துவிடுங்கள். தண்ணீர் கொஞ்சம் வரலாம். ஆயில் கலந்து வந்தால் கம்ப்ரஸர் தேய்கிறது, உடனே புத்தகத்தில் எழுதுங்கள்.

பி.எஸ். 6 வண்டியில் நீல மூடி போட்ட தொட்டி, புகையைச் சுத்தமாக்கும் டெஃப் திரவத்துக்கு. தண்ணீரில் 32.5 சதவீதம் யூரியா கலந்தது. அது தீர்ந்தால் விளக்கு எரியும், கவனிக்காமல் ஓட்டினால் வண்டி தன் இழுவையைத் தானே குறைத்துக்கொள்ளும். புளியரை ஏற்றத்தில் அப்படி நடந்தால் பின்னால் வருகிறவர்கள் நிலையை நினைத்துப் பாருங்கள். டீசல் தொட்டியில் டெஃப் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. திருப்பினால் பம்ப்பும் இன்ஜெக்டரும் போய்விடும், திருப்பாமல் தொட்டியை இறக்கிக் கழுவினால் அவை தப்பும். டி.பி.எஃப். என்ற புகைக்கரி வடிகட்டி உள்ள வண்டி நின்றபடி கரியை எரிக்கும்போது சைலன்ஸர் கடுமையாகச் சூடேறும், வைக்கோல் உதிர்ந்த இடத்தில் அப்போது நிறுத்தாதீர்கள்.

மூன்றாம் நாள்: தாழையூத்து, லோடு

திருநெல்வேலி அருகே தாழையூத்தில் சிமென்ட் லோடு. ஆலை வாசலில் டோக்கன், ஹெல்மெட், ஷூ, பளபளக்கும் மேல்சட்டை. செருப்போடு வந்தவரை உள்ளே விடமாட்டார்கள். காலி எடை, லோடு, மொத்த எடை, கேட் பாஸ் என்பது வரிசை.

கணக்கை டிரைவரும் போட்டுப் பார்க்க வேண்டும். 2018 ஜூலையில் மூன்று அச்சு வண்டிக்கு மொத்த எடையை மத்திய அரசு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தியது உண்மை. ஆனால் உங்கள் வண்டிக்கு ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள எடைதான் எல்லை. ஆர்.சி.யில் 28 டன், காலி எடை 9.5 டன் என்றால் ஏற்றலாம் 18.5 டன். 50 கிலோ மூட்டை 370. எடை போட்ட பிறகு வெளியே வந்து 200 லிட்டர் டீசல் போட்டால் 165 கிலோ கூடிவிடும். மழையில் நனைந்த தார்ப்பாயும் கனக்கும். அதனால் 360 மூட்டையில் நிற்பதே நல்லது. அதிக எடைக்கு மோட்டார் வாகனச் சட்டம் சொல்லும் அபராதம் 20,000 ரூபாய், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. எடை போட மறுத்து ஓடினால் 40,000. "ரெண்டு டன் சேத்துப் போடு தம்பி, நாங்க பாத்துக்கிடுதோம்" என்பார் யாராவது. மலை இறக்கத்தில் பிரேக்கில் கால் வைப்பது அவர் அல்ல.

மூட்டைகளை முன்பலகையை ஒட்டி ஆரம்பித்து, கனம் பின் அச்சுகளுக்குச் சற்று முன்னால் விழும்படி பரப்ப வேண்டும். பின்னால் குவித்தால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடி கொடுக்காது. முன்னால் குவித்தால் இறக்கத்தில் முன் அச்சு நசுங்கும். சிமென்ட் கனமான சரக்கு, தாழ்வாக உட்காரும், அது நமக்கு நல்லது. வைக்கோல் இதற்கு நேரெதிர்: எடை கொஞ்சம், உயரம் அதிகம், வளைவில் ஆடும், கம்பியில் உரசும். ஒரே சாலையில் இரண்டையும் ஒரே வேகத்தில் ஓட்ட முடியாது.

தார்ப்பாய் இரண்டு துண்டு என்றால் முன்துண்டின் ஓரம் பின்துண்டின் மேல் வர வேண்டும். மாற்றிப் போட்டால் எதிர்காற்று உள்ளே புகுந்து தூக்கிவிடும், சாரலும் இறங்கும். சிமென்ட் நனைந்தால் கல், திரும்பப் போவதில்லை. கயிறு குறுக்கும் நெடுக்குமாக. முதல் 30 கிலோமீட்டரில் மூட்டைகள் அமர்ந்து கயிறு தளரும், அங்கே நிறுத்தி மீண்டும் இறுக்குவது கட்டாயம்.

காகிதம்: இன்வாய்ஸ், எல்.ஆர். (லாரி ரசீது), இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் சீட்டு). சரக்கு மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் வேண்டும். பகுதி 'பி'யில் உள்ள வண்டி எண்ணை நம்பர் பிளேட்டோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் படியுங்கள். ஒரு எழுத்து மாறியதற்காக வண்டியை மடக்கி வைத்த கதைகள் உண்டு. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு, பில் போட்ட மறுநாள் நள்ளிரவு வரை செல்லும். பிரேக்டவுன் ஆனால் முடியும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டிக்க வழி உண்டு. சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால் பகுதி 'பி'யையும் மாற்றிய பிறகுதான் அந்த வண்டி கிளம்பலாம். ஆபீசுக்குப் போன் செய்து, புதிய பில் மொபைலுக்கு வந்ததைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

அரிசி லோடில் 26 கிலோ பை ஏன் என்று கேட்டார்கள். 2022 ஜூலை முதல் 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி., அதற்கு மேல் இல்லை. டிரைவருக்கு இது மூட்டை எண்ணிக்கைக் கணக்கு, 25 என்று நினைத்துப் பெருக்கினால் எடை தவறும்.

நான்காம் நாள்: புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை

இந்தத் தடத்தின் உயிர் இந்த நாள்.

காலை 5 மணிக்குப் புறப்பாடு. இரவு குறைந்தது ஆறு மணி நேரம் தூங்காதவரை இன்று ஏற்றுவதில்லை. மூச்சுச் சோதனையும் உண்டு. சட்ட எல்லை 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால், யார்டின் எல்லை பூஜ்யம்.

புளியரை தாண்டியதும் எஸ் வளைவு. நீண்ட வண்டியின் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஆகவே வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, வெளி ஓரம் எடுத்து, தாமதமாகத் திருப்ப வேண்டும். எதிரே பஸ் தெரிந்தால் வளைவுக்கு வெளியிலேயே நின்றுவிடுங்கள். இரண்டும் வளைவுக்குள் சந்தித்தால் யாராவது பின்னே எடுக்க வேண்டி வரும். ஏற்றத்தில் நடுவே கியர் மாற்றித் தவறவிட்டால் லோடு வண்டி பின்னோக்கி இழுக்கும். குறுகலான மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கே முதல் வழி, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது சாலை விதி. திரும்பி வரும்போது அது நமக்கும் பொருந்தும்.

எல்லையில் கோட்டைவாசல் கருப்பசாமி. டிரைவர்கள் நிறுத்திக் கும்பிடும் இடம். கும்பிட்டுவிட்டு அதே நிறுத்தத்தில் ஐந்து நிமிடம்: நட்டு, டயர், கயிறு, காற்றழுத்தம், பிரேக் டிரம் சூடு. புறங்கையை டிரம்முக்கு அருகில் கொண்டுபோனால் போதும், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் உரசிக்கொண்டே வருகிறது. நீண்ட இறக்கம் இனிமேல்தான், ஆகவே சரிபார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

இறங்கும் கியரை இறக்கம் தொடங்கும் முன்பே போட வேண்டும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அதே கியர், கனத்த லோடு என்றால் ஒன்று குறைவு. புகைவழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் ஆனில் இருக்கட்டும். வேகம் கூடும்போது பிரேக்கைத் திடமாக நாலைந்து வினாடி மிதித்து, வேகம் குறைந்ததும் முழுக்க விட்டுவிடுங்கள். லேசாக மிதித்தபடியே இறங்குவது பாதுகாப்பு போலத் தோன்றும். உண்மையில் டிரம் ஆறவே இடம் கிடைக்காது. டிரம் சூடேறினால் விரிந்து லைனரைவிட்டு விலகும், லைனரின் உராய்வும் குறையும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு வராது. நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்க நினைத்தவர்கள் இந்தச் சாலையில் விலை கொடுத்திருக்கிறார்கள். மிச்சமும் கிடையாது. கியரில் இறங்கும்போது இன்றைய இன்ஜின்கள் டீசலை நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐடிலுக்கு டீசல் குடிக்கும்.

எரிந்த வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுக்கி, கியரில் போட்டு, கட்டை வைத்து அரை மணிக்கு மேல் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிரம் வெடிப்பு விடும்.

ஜூன், ஜூலையில் குற்றாலத்தில் சாரல் என்றால் இங்கே மழை. இலையும் மண்ணும் சேர்ந்து சாலை வழுக்கும், மரக்கிளை விழும். ஈரச் சாலையில் எக்ஸாஸ்ட் பிரேக்கும் பின்சக்கரத்தை வழுக்கவிடலாம், வேகத்தை வளைவுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள், நடந்து போகிறவர்கள். விடிகாலை மூடுபனியில் கறுப்பு உடை கண்ணில் படாது. கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் ரயில் பாலத்தைப் படம் எடுக்கச் சாலையோரம் கார் நிறுத்துவார்கள், வளைவு முடிந்ததும் நின்ற காரைப் பார்க்கலாம் என்று எண்ணியே திரும்புங்கள்.

மலையாளப் பலகைகளில் மூன்று சொல் போதும்: 'சூக்ஷிக்குக' என்றால் கவனம், 'வேகத குறைக்குக' என்றால் வேகத்தைக் குறை, 'அபகட மேகல' என்றால் விபத்துப் பகுதி. எழுத்தின் வடிவத்தைப் போட்டோ பிடித்து மனப்பாடம் செய்யச் சொன்னோம். கேரளத்தில் லாரியிலும் சீட் பெல்ட் கட்டாயம், கேமராக்கள் உண்டு.

ஐந்தாம் நாள்: கொல்லம், இறக்குதல்

புனலூருக்குப் பிறகு சாலை இறங்கிவிடும், ஆனால் ஊர் முடியாது. வீடு, கடை, பள்ளி என்று தொடர்ந்து வரும், 40ஐத் தாண்டும் இடங்கள் குறைவு. நேரத்தை அதற்கேற்பக் கணக்கிடுங்கள்.

இறக்கும் இடத்தில் சுமட்டுத் தொழிலாளர்கள் (சுமை தூக்குகிறவர்கள்) இருப்பார்கள். கூலி சரக்கு வாங்குகிறவர் பொறுப்பு என்பதை எல்.ஆரிலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்பதற்கான 'நோக்குகூலி'யை கேரள அரசு 2018 மே 1 முதல் ஒழித்துவிட்டது. யாராவது கேட்டால் சண்டை வேண்டாம், "சேட்டா, ஆபீசுல பேசுங்க" என்று கம்பெனி எண்ணைக் கொடுத்துவிட்டுக் கேபினில் உட்காருங்கள்.

மூட்டையை டிரைவரே நின்று எண்ண வேண்டும். பத்துப் பத்தாகக் கோடு போட்டால் தவறாது. கிழிந்தவை, நனைந்தவை எத்தனை என்று எண்ணிக்கையாகவே எல்.ஆரில் எழுதட்டும். 'சேதம் உண்டு' என்று பொதுவாக எழுத விடாதீர்கள், மூன்று மூட்டை முப்பதாக மாற அந்த ஒரு வார்த்தை போதும். முத்திரை, கையெழுத்து, தேதி, நேரம். அங்கேயே போட்டோ எடுத்து அனுப்புங்கள். வாடகை பாக்கி வருவதும் உங்கள் ட்ரிப் கணக்கு முடிவதும் இந்தத் தாளில்தான் இருக்கிறது.

ஆறாம் நாள்: திரும்புதலும் தேர்வும்

காலி வண்டி லேசானது, அதனாலேயே ஆபத்து. பின்சக்கரம் துள்ளும், ஈரத்தில் சட்டென்று பிரேக் பிடித்தால் வால் வீசும்.

யார்டுக்கு வந்ததும் கணக்கு. மைலேஜ் பார்ப்பது ஃபுல் டேங்கிலிருந்து ஃபுல் டேங்குக்கு, அதே பம்ப்பில். இந்த மலைத் தடத்தில் லோடோடு 3.5 கிலோமீட்டர் கிடைத்தால் குறை சொல்லக் கூடாது. சமவெளி வண்டியின் கணக்கை வைத்து டிரைவரைத் திருடன் போல் பார்க்கும் முதலாளிகள் இருக்கிறார்கள், அதற்குத்தான் லோடு எடையையும் காத்திருந்த நேரத்தையும் ஷீட்டில் எழுதச் சொன்னது.

விபத்து நடந்தால் என்ன செய்வது என்பதை எல்லோரையும் ஒருமுறை சொல்ல வைத்தோம். வண்டியை நிறுத்து, 112ஐ அழை, காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி, கம்பெனிக்குத் தகவல். காவல் நிலையத்தில் கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். கூட்டம் அடிக்க வந்தால் உயிரைக் காத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போகலாம், சட்டம் அதை ஏற்கிறது.

ஓட்டுத் தேர்வில் பலர் தடுக்கி விழுவது ரிவர்ஸில். கண்ணாடி ஒன்றை மட்டும் நம்பி வருகிறார்கள். இறங்கிப் பார்த்துவிட்டு எடுத்தவருக்கு மதிப்பெண் குறைவதில்லை, இறங்காமல் கம்பத்தைத் தொட்டவருக்கு உண்டு. அடுத்த சறுக்கல், சுற்றிப் பார்க்கும்போது தேர்வாளர் வேண்டுமென்றே தளர்த்திவைத்த ஒரு நட்டையும் பிடுங்கிவிட்ட ஒரு லைட் வயரையும் கண்டுபிடிக்காதது. இரண்டையும் கண்டு புத்தகத்தில் எழுதி, "சரி பண்ணாம வண்டிய எடுக்க மாட்டேன்" என்று சொன்னவருக்குத்தான் சாவி.

முதல் தனி ட்ரிப்புக்குப் பையில் இருக்க வேண்டியவை: டார்ச், டயர் கேஜ், கையுறை, இரண்டு சக்கரக் கட்டை, எச்சரிக்கை முக்கோணம், கயிறு 20 அடி, ஃபியூஸ் செட், டெஃப் ஒரு கேன், குடிதண்ணீர் 5 லிட்டர், மாற்றுத் துணி, தினசரி மருந்து எடுப்பவர் என்றால் நான்கு நாளுக்கு மருந்து. திங்கள் காலை 4.30க்கு யார்டில் இருங்கள். லோடு 5 மணிக்குத்தான், அந்த அரை மணி நேரம் வண்டியைச் சுற்றிப் பார்க்க.